நோயின் பெயரும் வைத்தியரின் சிட்டையும்

நோயாளி ஒருவர் வைத்தியரிடம் செல்கின்றார். வைத்தியர் நாடியைப் பார்க்கின்றார். நெஞ்சிலே குழாயை வைத்துக் கேட்கின்றார். நோய் இன்னதெனத் தீர்மானித்து மருந்துக்குத் துண்டு எழுதிக் கொடுக்கின்றார். நோயாளி எழுந்து வெளியே சென்றதும் வைத்தியரின் கடமை முடிந்துவிட்டது என்றே எவரும் எண்ணுவர். அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகச் சிகிச்சை பெற்றுப் பழகிய இலங்கை நேயர்களுக்கு அவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆனால் ஐக்கிய அமெரிக்காவிலே நோயாளி வெளியே சென்ற பின்னரே மற்றொரு வேலை தொடங்குகின்றது. நோயின் பெயரை ஒரு குறியீடாக மாற்றிக் கடதாசியிலோ கணினியிலோ பதிந்து, பணம் கொடுக்கும் தாபனத்துக்கு அனுப்பும் வேலையே அது. அந்தக் குறியீடு பிழைத்தால் வைத்தியருக்குக் கூலி கிடையாது.

இக்குறியீடுகள் அனைத்தும் ஒரே நாளில் மாறிவிட்டால் ஒரு சிறு வைத்திய நிலையம் என்ன செய்யும்? இக்கேள்வி வெறுங் கற்பனையன்று. 2015ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 1ஆந் திகதி அமெரிக்க வைத்தியர் யாவரும் இதற்கு விடை கூறவேண்டியவராயினர். அவர்கள் எவ்வாறு ஆயத்தஞ் செய்தனர், எதில் வென்றனர், எதில் இடர்ப்பட்டனர் என்பதே இப்பேச்சின் பொருளாகும்.

முதலில் இக்குறியீட்டின் வேலை யாதெனக் காண்போம். அமெரிக்காவிலே பெரும்பாலான மக்களின் வைத்தியச் செலவில் பெரும் பங்கைக் காப்புறுதிக் கம்பனிகளும், மெடிக்கெயார், மெடிக்கெயிட் என்னும் அரசாங்கத் திட்டங்களும் ஏற்கின்றன. மெடிக்கெயார், 65 வயது நிரம்பியோருக்கென 1965ஆம் ஆண்டிற் சட்டமாயிற்று. வைத்தியர் இத்தாபனங்களுக்கு ஒரு கோரிக்கைப் பத்திரம் அனுப்பவேண்டும். அதிலே இருவகைக் குறியீடுகள் இடம்பெறும். ஒன்று, வைத்தியர் என்ன செய்தார் என்பதைக் கூறும். மற்றது, அதனை ஏன் செய்தார் என்பதைக் கூறும். முதலாவது செய்கைக் குறியீடு; இரண்டாவது நோய்க் குறியீடு. கூலியின் அளவைத் தீர்மானிப்பது முதலாவதேயாயினும், அக்கூலி நியாயமானதா என்பதை எடைபோடுவது இரண்டாவதாகும். நெஞ்சை எக்ஸ் கதிரிற் படம் பிடித்ததாகக் கூறிவிட்டு, நோய் காலிலே எனக் குறித்தால் கோரிக்கை திரும்பி வரும். 1989ஆம் ஆண்டு முதல் மெடிக்கெயார் திட்டத்துக்கு அனுப்பும் வைத்தியர் கோரிக்கைகளில் நோய்க் குறியீடு கட்டாயமாக்கப்பட்டது.

இக்குறியீடுகளின் வரலாறு பணத்தோடு தொடங்கியதன்று, மரணத்தோடு தொடங்கியது. 17ஆம் நூற்றாண்டிலே இலண்டன் மாநகரில் எவர் இறந்தாலும் முதிய பெண்கள் சிலர் அவ்வீட்டுக்குச் சென்று பிணத்தைப் பார்த்து, இறப்பின் காரணத்தைக் கோயிற்பற்று எழுத்தரிடம் அறிவிப்பது வழக்கம். அவ்வாறு திரண்ட மரணப் பட்டியல்களை ஜோன் கிரான்ட் என்னும் வணிகர் ஆராய்ந்து 1662ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். பின்னர் 19ஆம் நூற்றாண்டில், இங்கிலாந்தின் பதிவாளர் நாயகம் அலுவலகத்திற் பணியாற்றிய வில்லியம் பார் என்பவர், ஒரே நோயைப் பல வைத்தியர் பல பெயரால் எழுதுவதையும், பல நோய்களை ஒரே பெயருள் அடக்குவதையும் கண்டு, ஒழுங்கான வகுப்புமுறை வேண்டுமென வற்புறுத்தினார். 1893ஆம் ஆண்டிலே சிக்காகோ நகரிற் கூடிய சர்வதேச புள்ளிவிபரக் கழகம், பாரிஸ் நகரத்து ஜாக் பெர்த்தியோன் தொகுத்த மரண காரணப் பட்டியலை ஏற்றுக்கொண்டது. 1900ஆம் ஆண்டு பாரிஸில் நடந்த மாநாட்டிலே 26 நாடுகள் கூடி அதனைத் திருத்தின. அன்று முதல் ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை அது திருத்தப்பட்டு வந்தது. 1948ஆம் ஆண்டிலே இப்பொறுப்பை உலக சுகாதாரத் தாபனம் ஏற்றபோது, மரண காரணங்களோடு உயிரோடிருப்போரின் நோய்களும் பட்டியலிற் சேர்க்கப்பட்டன.

இறந்தோரை எண்ணப் பிறந்த பட்டியல், காலப்போக்கிலே உயிரோடிருப்போரின் சிட்டையில் ஏறியது அமெரிக்காவின் தனிப்பட்ட வளர்ச்சியாகும். ஒன்பதாம் திருத்தத்தைத் தம் தேவைக்கேற்ப விரித்து, 1979ஆம் ஆண்டு முதல் அந்நாட்டார் வழங்கி வந்தனர். 1983ஆம் ஆண்டிலே வைத்தியசாலைகளுக்கு மெடிக்கெயார் பணங் கொடுக்கும் முறை, நோயை வகைப்படுத்தி வகைக்கு இவ்வளவு எனக் கொடுக்கும் முறையாக மாறியது. அதன்பின் குறியீடு என்பது புள்ளிவிபர அலுவலரின் கருவி மட்டுமன்று; கணக்காளரின் கருவியுமாயிற்று.

உலக சுகாதாரத் தாபனத்தின் பேரவை 1990ஆம் ஆண்டு மே மாதம் பத்தாம் திருத்தத்தை அங்கீகரித்தது. ஏனைய நாடுகள் பல அதற்கு மாறின. அமெரிக்காவும் மரணப் பதிவுக்கு 1999ஆம் ஆண்டு முதல் அதனையே வழங்கியது. ஆனால் உயிரோடிருப்போருக்கு மட்டும் பழைய ஒன்பதாம் திருத்தமே நீடித்தது. ஒரே நாட்டில் ஒருவர் நோயுற்றிருக்கும்போது ஒரு மொழியிலும், இறந்த பின்னர் வேறொரு மொழியிலும் எழுதப்பட்டார் எனலாம்.

பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. பழைய முறையில் நோய்க் குறியீடுகள் ஏறத்தாழ 14,000. புதிய முறையில் ஏறத்தாழ 69,000. பழைய குறியீடு மூன்று முதல் ஐந்து இடங்களைக் கொண்டது, பெரும்பாலும் இலக்கங்களாலானது. புதியது மூன்று முதல் ஏழு இடங்களைக் கொண்டது. முதலிடத்தில் எப்போதும் ஆங்கில எழுத்தொன்று நிற்கும். பழைய முறையில் இடங்கள் நிரம்பிவிட்டமையால் புதிய நோய்களுக்கும் புதிய சிகிச்சைகளுக்கும் இடமில்லாதிருந்தது. மாற்றத்துக்கு அது ஒரு முக்கிய காரணம்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஒருவர் வழுக்கி விழும்போது கையை ஊன்றி, மணிக்கட்டுக்கருகே ஆரை எலும்பை முறித்துக்கொள்கின்றார். பழைய முறையில் அது 813.41 என்னும் ஒரே குறியீடு. எந்தக் கை என்ற கேள்வியே இல்லை. புதிய முறையில் அதுவே எஸ் 52.531 ஏ எனப்படும். எஸ் என்பது காயங்களுக்குரிய எழுத்து. 52 என்பது முன்கை எலும்பு முறிவு. அடுத்த இலக்கங்கள் எலும்பையும் முறிந்த இடத்தையும் வகையையும் காட்டும். 1 என்பது வலக்கை, 2 என்றால் இடக்கை. இறுதியில் நிற்கும் ஏ என்னும் எழுத்து, முறிவுக்கான முதற் சிகிச்சை நடைபெறுவதைக் குறிக்கும். அதே நோயாளி எலும்பு பொருந்தி வருங்காலத்தில் மீண்டும் வந்தால் அவ்விடத்தில் டி என்னும் எழுத்து வரவேண்டும். ஆகவே கை ஒன்றேயாயினும், முறிவு ஒன்றேயாயினும், வருகைக்கு ஏற்பக் குறியீடு மாறும்.

நடுக்காது அழற்சியைப் பாருங்கள். பழைய முறையில் 382.9 என எழுதினாற் போதும். புதிய முறையில் வலக் காதுக்கு எச் 66.91, இடக் காதுக்கு எச் 66.92, இரு காதுக்கும் எச் 66.93, எந்தக் காதென வைத்தியர் எழுதாவிட்டால் எச் 66.90. நீரிழிவு நோயிலே முதலாம் வகைக்கு ஈ 10 எனவும், இரண்டாம் வகைக்கு ஈ 11 எனவும் தனித்தனித் தலைப்புகள் ஏற்பட்டன. நீரிழிவினாற் சிறுநீரகம் தாக்கப்பட்டிருப்பின் முன்னர் இரண்டு குறியீடுகள் எழுதவேண்டியிருந்தது. புதிய முறையில் அவ்விரண்டும் ஒன்றாயின. எல்லாம் பெருகிவிடவுமில்லை. காரணம் புலப்படாத உயர் குருதி அழுத்தத்துக்குப் பழைய முறையில் மூன்று குறியீடுகள் இருந்தன. புதிய முறையில் ஐ 10 என்னும் ஒன்றே உளது.

இப்பெருக்கத்தைப் பலர் நகையாடினர். வாத்து மோதிக் காயமுற்றோருக்கு ஒரு குறியீடு. ஆகாய விமானத்தின் எஞ்சினுள் இழுக்கப்பட்டோர் இரண்டாம் முறை வைத்தியரிடம் வருவதற்கு ஒரு குறியீடு. மாமனார் மாமியாரோடு உண்டாகும் பிணக்குக்கு ஒரு குறியீடு. பத்திரிகைகள் இவற்றைத் தேடி எடுத்து அச்சிட்டன. ஆனால் அகராதியிலே அருஞ்சொற்கள் பல இருப்பதால் எவரும் அவற்றையெல்லாம் நாளாந்தப் பேச்சில் வழங்குவதில்லை. அவ்வாறே குடும்ப வைத்தியர் ஒருவருக்கு 69,000 குறியீடுகளும் வேண்டியதில்லை. அவரிடம் வருவோரின் நோய்கள் சிலவே. அச்சிலவற்றை நன்கறிந்தாற் போதும். இவ்வுண்மையை விளங்கிக்கொண்டோர் அச்சத்தினின்று விடுபட்டனர்.

மாற்றத்துக்கான நாள் ஒருமுறையன்று, மும்முறை குறிக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டு சனவரியில் வெளியான விதி, 2013ஆம் ஆண்டு ஒக்டோபர் 1ஆந் திகதியைக் குறித்தது. 2011ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க வைத்தியர் சங்கம் இம்மாற்றத்தை வன்மையாக எதிர்ப்பதெனத் தீர்மானித்தது. 2012ஆம் ஆண்டிலே நாள் ஓராண்டு பிந்தியது. 2014ஆம் ஆண்டு ஏப்பிரலில் மெடிக்கெயார் பற்றிய வேறொரு சட்டத்தினுள்ளே சிறு பிரிவாகச் சேர்க்கப்பட்ட வாசகம், அதனை மேலும் ஓராண்டு தள்ளிவைத்தது. பின்போடப்பட்ட ஒவ்வொரு முறையும், முன்கூட்டியே ஆயத்தஞ் செய்தோர் பயிற்றுவித்த பயிற்சியை மீண்டும் பயிற்றுவிக்கவேண்டியதாயிற்று. ஆயத்தஞ் செய்யாதோரோ, இன்னும் ஒருமுறை பின்போடப்படும் என்று இருந்துவிட்டனர். நாள் தள்ளிப்போவது சோம்பலுக்கு ஊதியமும் ஊக்கத்துக்குத் தண்டனையுமாக முடிந்தது.

இனி, ஒரு சிறு வைத்திய நிலையத்தை உதாரணமாகக் கொள்வோம். வைத்தியர் இருவர், தாதி ஒருவர், வாசலில் நோயாளரை வரவேற்கும் உதவியாளர் ஒருவர், சிட்டை எழுதும் எழுதுவினைஞர் ஒருவர். இத்தகைய நிலையத்துக்குப் பெரிய வைத்தியசாலைபோற் பணக் களஞ்சியம் இல்லை. இன்று சிகிச்சை செய்தாற் பணம் பல நாட்களின் பின்னரே வந்து சேரும். அந்த நீரோட்டம் இரண்டு மாதம் நின்றுவிட்டால் வாடகையும் சம்பளமும் கொடுக்க வழியில்லை. வைத்தியருக்கு நட்டம் என்பது மட்டுமன்று. அச்சிற்றூரில் அந்நிலையம் ஒன்றே இருக்குமாயின், கதவு மூடப்படும்போது நட்டப்படுவோர் நோயாளரே. குறியீட்டு மாற்றம் என்னும் உலர்ந்த பொருளின் உள்ளே இருந்த உண்மையான ஆபத்து இதுவாகும்.

வெள்ளம் வருமுன் அணை கோலவேண்டும் என்பது முதுமொழி. அணை கோலுவோர் முதலிற் செய்தது யாதெனில், நோய்க் குறியீடு தம் நிலையத்தில் எங்கெங்கே வழங்குகின்றது எனப் பட்டியலிட்டதாகும். சிட்டையில் மட்டும் எனப் பலர் எண்ணினர். தேடிப் பார்த்தபோது, இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பும் தாளிலும், வேறு வைத்தியரிடம் அனுப்பும் கடிதத்திலும், காப்புறுதிக் கம்பனியின் முன்னனுமதி வேண்டும் படிவத்திலும், கணினியிலுள்ள நோயாளர் ஏட்டிலும், தடுப்பூசிப் பதிவிலும் அது இருப்பது தெரிந்தது. ஒரு தாளை மாற்ற மறந்தாலும் அத்தாள் சென்ற இடத்தில் வேலை தடைப்படும்.

இரண்டாவதாக, கடந்த ஓராண்டில் அந்நிலையம் மிகுதியாக வழங்கிய குறியீடுகளை எண்ணி எடுத்தனர். பெரும்பாலான நிலையங்களில் ஐம்பது குறியீடுகளுள்ளே பெரும் பகுதி வேலை அடங்கிவிடும். அவ்வைம்பதுக்கும் புதிய குறியீடு யாதெனக் கண்டு எழுதிவைத்தனர். அரசாங்கம் இதற்கெனப் பழையதையும் புதியதையும் ஒப்பிடும் அட்டவணைகளை வெளியிட்டிருந்தது. ஆனால் அட்டவணையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியோர் இடர்ப்பட்டனர். காது நோயிற் கண்டதுபோல ஒரு பழைய குறியீட்டுக்கு எதிரே நான்கு புதிய குறியீடுகள் நிற்கும். அந்நான்கினுள் எது பொருந்தும் என்பதை அட்டவணை கூறாது. நோயாளியின் காதைப் பார்த்தவரே கூறவேண்டும்.

இங்கேதான் மூன்றாவதும் முதன்மையானதுமான ஆயத்தம் வருகின்றது. அது வைத்தியரின் குறிப்பேடு. எழுதுவினைஞர் எவ்வளவு கெட்டிக்காரராயினும் வைத்தியர் எழுதாததை எழுதமுடியாது. கை முறிந்தது என்று மட்டும் குறிப்பிருந்தால், வலதோ இடதோ என அவர் ஊகிப்பது பிழை. ஊகித்துப் பணங் கேட்பது அதனிலும் பெரும் பிழை. பொய்யான கோரிக்கை அனுப்பி அரசாங்கப் பணத்தைப் பெறுவோரைத் தண்டிக்க அமெரிக்காவில் 1863ஆம் ஆண்டு உள்நாட்டு யுத்த காலத்திலே இயற்றப்பட்ட சட்டம் இன்றும் வழக்கிலிருக்கின்றது; வைத்தியர் கோரிக்கைகளும் அச்சட்டத்துக்கு உட்பட்டவையே. ஆதலின் அறிவுள்ள நிலையங்கள் பழைய குறிப்புகள் சிலவற்றை எடுத்து, இக்குறிப்பைக் கொண்டு புதிய குறியீடு எழுதமுடியுமா எனச் சோதித்தன. முடியாத இடங்களில் என்ன சொல் குறைகின்றது என வைத்தியருக்கு எடுத்துக்காட்டின. பெரும்பாலும் குறைந்தவை சிறு சொற்களே: வலம், இடம், முதல் வருகை, மறு வருகை, நோயின் வகை, நோயின் கடுமை, அதன் காரணம். மூச்சிழுப்பு நோய் என எழுதியவர், அது இடையிடையே வருவதா, தொடர்ந்து நிற்பதா, இலேசானதா, கடுமையானதா எனவும் எழுதப் பழகவேண்டியிருந்தது.

வைத்தியர் சிலர் இதனை வெறுத்தனர். நோயாளியின் முகத்தைப் பார்க்கவேண்டிய நேரத்தைக் கணினியின் முகத்தைப் பார்ப்பதிலே செலவிட நேர்கின்றது என அவர்கள் கூறினர். அக்குறையை அற்பமெனத் தள்ளிவிடுதல் நியாயமன்று. ஆயினும் அச்சிறு சொற்களிற் பெரும்பாலானவை நல்ல வைத்தியர் எப்படியும் எழுதவேண்டியவையே. அடுத்த முறை வேறொரு வைத்தியர் அந்நோயாளியைப் பார்க்க நேர்ந்தால், எந்தக் கையென அறிய விரும்புபவர் காப்புறுதிக் கம்பனிக்காரர் மட்டுமல்லர்.

நான்காவது, பயிற்சி. எல்லார்க்கும் ஒரே பயிற்சி வேண்டியதில்லை. குறியீடு எழுதுவோருக்கு ஆழ்ந்த பயிற்சி. வைத்தியருக்குத் தம் துறை நோய்களில் எதை எழுதவேண்டும் என்ற பயிற்சி. வாசலில் இருப்பவருக்கு நோயாளியிடம் என்ன கேட்கவேண்டும் என்ற பயிற்சி. பயிற்சியை மிக முந்திக் கொடுத்தால் மறந்துபோகும். மிகப் பிந்திக் கொடுத்தாற் பழக அவகாசமிராது. ஆகையால் மாற்றத்துக்குச் சில மாதங்களுக்கு முன்னர் தொடங்கி, உண்மையான குறிப்புகளைக் கொண்டு பழைய குறியீட்டையும் புதிய குறியீட்டையும் அருகருகே எழுதிப் பழகிய நிலையங்களே நற்பயன் பெற்றன.

ஐந்தாவது, கருவிகள். கோரிக்கைகளை மின்முறையில் அனுப்பும் ஒழுங்கு, நீண்ட குறியீட்டை ஏற்கும்படி 2012ஆம் ஆண்டு சனவரி 1ஆந் திகதியே மாற்றப்பட்டிருந்தது. தாளில் அனுப்புவோருக்கான படிவமும் 2014ஆம் ஆண்டு ஏப்பிரலில் மாறியது. பழைய படிவத்தில் நான்கு நோய்களுக்கே இடமிருந்தது. புதியதிற் பன்னிரண்டுக்கு இடமுண்டு. கணினி விற்றவர் எல்லாம் ஆயத்தம் என்று கூறினால் அதை வாய்ச்சொல்லாக ஏற்றுக்கொள்ளாமல், மாதிரிக் கோரிக்கை ஒன்றை அனுப்பி அது போய்ச் சேர்கின்றதா எனப் பார்ப்பதே முறையாயிருந்தது. மெடிக்கெயார் நிருவாகமும் 2015ஆம் ஆண்டில் மும்முறை முழுச் சோதனை நடத்தியது. அனுப்பப்பட்ட மாதிரிகளில் சனவரிச் சோதனையில் நூற்றுக்கு 81 உம், ஏப்பிரலில் 88 உம், யூலையில் 87 உம் ஏற்கப்பட்டன. ஏற்கப்படாதவை யாவும் புதிய குறியீட்டுப் பிழையால் வந்தவையல்ல; திகதி, வைத்தியர் இலக்கம் முதலிய பழைய பிழைகளே பலவற்றுக்குக் காரணமாயிருந்தன.

ஆறாவது, பணம். கோரிக்கைகள் தேங்கினாலும் சில மாதம் சம்பளம் கொடுக்கக்கூடிய சேமிப்பு வேண்டும்; இல்லையேல் வங்கியிலே கடன் வசதியை முன்கூட்டியே ஒழுங்கு செய்யவேண்டும் என்று பலரும் ஆலோசனை கூறினர். துன்பம் வந்த பின்னர் கடன் கேட்பவரிலும், வருமுன் கேட்பவருக்கே வங்கி எளிதில் இணங்கும். செப்டெம்பர் மாதத்துக்குள் எழுதாது கிடக்கும் பழைய சிட்டைகள் யாவற்றையும் எழுதி அனுப்பிவிடுதலும் இவ்வாயத்தத்தின் ஒரு பகுதியாகும்.

மாற்ற நாளுக்குரிய விதி எளியது, ஆயினும் வழுக்கக்கூடியது. வெளிநோயாளருக்குச் சிகிச்சை செய்த திகதியே குறியீட்டைத் தீர்மானிக்கும். சிட்டை எழுதிய திகதியன்று. செப்டெம்பர் 30ஆந் திகதி பார்த்த நோயாளிக்கு ஒக்டோபர் 10ஆந் திகதி சிட்டை எழுதினாலும் பழைய குறியீடே வேண்டும். வைத்தியசாலையிலே தங்கிச் சிகிச்சை பெற்றோருக்கோ, வீடு திரும்பிய திகதியே கணக்கு. ஒரே கோரிக்கையில் இரு முறைகளையும் கலக்கலாகாது. இன்னுமொன்று: தொழிலிடத்தில் ஏற்படும் காயங்களுக்கும் மோட்டார் விபத்துகளுக்கும் நட்டஈடு வழங்கும் காப்புறுதிகள் இச்சட்டத்துக்கு உட்பட்டவையல்ல. அவற்றுட் சில பழைய முறையையே தொடரக்கூடும். ஆகவே ஒவ்வொரு தாபனத்தையும் தனித்தனியே கேட்டறிய வேண்டியதாயிற்று. ஆடிக் கறக்கும் மாட்டை ஆடிக் கறந்து, பாடிக் கறக்கும் மாட்டைப் பாடிக் கறக்கும் நிலை அது.

2015ஆம் ஆண்டு யூலையில், மெடிக்கெயார் நிருவாகமும், முன்னர் எதிர்த்து நின்ற அமெரிக்க வைத்தியர் சங்கமும் ஓர் இணக்கத்துக்கு வந்தன. முதல் பன்னிரண்டு மாதங்களில், செல்லுபடியான குறியீடு சரியான குடும்பத்திலிருந்து எழுதப்பட்டிருக்குமாயின், போதிய நுட்பமில்லை என்ற ஒரே காரணத்துக்காக வைத்தியர் கோரிக்கைகளை மறுபரிசீலனையில் நிராகரிப்பதில்லை என அறிவிக்கப்பட்டது. புதியதைக் கற்போருக்கு ஓராண்டு தவணை கொடுத்தது போலாயிற்று. கற்பித்தலை அறிந்தோர் இதன் பெறுமதியை உணர்வர்.

ஒக்டோபர் 1ஆந் திகதி வந்தது. எதிர்பார்த்த பேரழிவு வரவில்லை. அம்மாதம் 1ஆந் திகதியிலிருந்து 27ஆந் திகதி வரை மெடிக்கெயார் நிருவாகத்துக்கு நாளொன்றுக்கு 46 இலட்சம் கோரிக்கைகள் வந்தன. தவறான புதிய நோய்க் குறியீட்டினால் திருப்பப்பட்டவை அவற்றுள் நூற்றுக்கு 0.09 மட்டுமே. பணம் மறுக்கப்பட்டவை நூற்றுக்கு 10.1, முன்னரும் அது ஏறத்தாழ 10 ஆகவே இருந்தது. பயப்பட்டது வீணோ எனச் சிலர் கேட்டனர். பயந்து ஆயத்தஞ் செய்தமையாலேயே பயந்தது நடக்கவில்லை என்பதே பொருத்தமான விடையாகத் தோன்றுகின்றது. அணை நின்றுவிட்ட பின்னர் வெள்ளம் சிறிதென்று கூறுதல் எளிது.

இதனால் எல்லாக் குறையும் தீர்ந்துவிட்டதென்றும் கூறலாகாது. குறியீடுகள் நுட்பமாயினும், அவற்றை எழுதும் கை அவசரப்படுமாயின் இன்னதென வகுக்கப்படாதது என்னும் குறியீடே மீண்டும் மீண்டும் விழும். சில வேளைகளில் அதுவே நேர்மையான விடையுமாகும். நோய் இன்னதென வைத்தியருக்கு உறுதியாகத் தெரியாதபோது, தெரிந்ததுபோல் நுட்பமான குறியீடொன்றை எழுதுதல் நுட்பமன்று, பொய்யாகும். அறிந்ததை அறிந்த அளவுக்கே எழுதவேண்டும் என விதிகளும் கூறுகின்றன.

மாற்றம் ஒருநாளோடு முடிந்ததுமன்று. ஒவ்வோராண்டும் ஒக்டோபர் 1ஆந் திகதி புதிய குறியீடுகள் சேர்கின்றன, சில நீங்குகின்றன. கொவிட் பெருந்தொற்றுப் பரவியபோது யூ 07.1 என்னும் குறியீடு 2020ஆம் ஆண்டு ஏப்பிரல் 1ஆந் திகதியே அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. புதிய நோய்க்கு இடங்கொடுக்கும் வசதி பத்தாம் திருத்தத்தில் இருந்தமையால் அது விரைவில் முடிந்தது. 2019ஆம் ஆண்டு மே மாதம் உலக சுகாதாரப் பேரவை பதினோராம் திருத்தத்தை ஏற்றது. 2022ஆம் ஆண்டு சனவரி முதல் அது நடைமுறையிலுள்ளது. அமெரிக்க வைத்தியர்கள் தம் கோரிக்கைகளில் இன்னும் அதற்கு மாறவில்லை. மாறும் நாள் வரும்போது, 2015இல் எழுதிவைத்த பட்டியல்கள் அவர்களுக்கு மீண்டும் உதவும்.

நோயாளிக்கும் இதில் ஒரு பங்குண்டு. கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் சில வேளைகளிற் சிட்டை அவர் வீட்டு வாசலுக்கே வரும். அதனைக் கண்டதும் பணங் கட்டிவிடாமலும், கிழித்தெறியாமலும், என்ன குறியீடு எழுதப்பட்டது, அது தம் நோய்க்குப் பொருந்துமா என வைத்திய நிலையத்திற் கேட்பது அவர் உரிமை. இடக் காலிற் சிகிச்சை பெற்றவர் தம் பதிவேட்டில் வலக் கால் என எழுதப்பட்டிருப்பதைக் கண்டாற் பணம் போனாலும் போகாவிட்டாலும் திருத்தச் சொல்லவேண்டும். அமெரிக்காவில் உறவினரை வைத்திருக்கும் இலங்கைக் குடும்பங்கள் பலவுள. அங்கே சென்று தங்கும் முதியோருக்கும் இவ்வறிவு பயன்படும்.

இலங்கையிலே அரசாங்க வைத்தியசாலை நோயாளிக்குச் சிட்டை அனுப்புவதில்லை. ஆயினும் உள்நோயாளரின் நோய்கள் இங்கும் சர்வதேச வகுப்புமுறையின்படியே பதியப்பட்டு, சுகாதார அமைச்சின் புள்ளிவிபரங்களாகின்றன. எந்தப் பிரதேசத்தில் எந்த நோய் பெருகுகின்றது, எங்கே மருந்தும் கட்டிலும் வேண்டும் என்பதை அறிய அவை உதவுகின்றன. பணத்துக்காக எழுதினாலென்ன, கணக்குக்காக எழுதினாலென்ன, தேவைப்படுவது ஒன்றே: நோயாளியைப் பார்த்தவர், பார்த்ததைப் பிறர் விளங்கிக்கொள்ளும்படி தெளிவாக எழுதுதல். குறியீடு மாறிக்கொண்டே இருக்கும். தெளிவாக எழுதும் பழக்கம் உள்ள நிலையத்துக்கு அம்மாற்றம் ஒரு வேலை. அப்பழக்கம் இல்லாத நிலையத்துக்கு அது ஓர் இடர்.